பரணிலிருந்து இறங்கிய விளையாட்டுப் பெட்டி



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். 2000-ஆம் ஆண்டு பிளஸ் டூ முடித்த என் மாணவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். இது முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பரணைக் காலி செய்தோம். பழைய பித்தளைப் பாத்திரங்கள், என் பி.எட். நோட்டுகள், ஒரு உடைந்த ஹார்மோனியம், இவற்றுக்கு நடுவே துணியில் சுற்றிய ஒரு சாம்பல் நிறப் பெட்டி. சோனி கம்பெனியின் முதல் பிளேஸ்டேஷன். 1999-இல் சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் தன் பையனுக்கு வாங்கி வந்தது. அப்போது அண்ணியும் பையனும் எங்களோடுதான் இருந்தார்கள். தெருவிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் அது இருந்தது. மாலை நான்கரை மணிக்கு மேல் திண்ணையில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

பேரன் அதைப் பார்த்ததும் விடவில்லை. டிவியில் மாட்டினோம். டிஸ்க் சுற்றியது, திணறியது, நின்றது. எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நினைவுக்கு வந்தான். என் பழைய மாணவன். இப்போது மதுரையில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறான். பெயர் எழுதவில்லை. "எழுதுங்க சார், என் பேரு மட்டும் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறான். போனில் சொன்னேன். "அந்தப் பெட்டியா சார்? இன்னும் வச்சிருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றான்.

அந்தப் பெட்டியை 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் முதன்முதலாகத் திறந்ததும் அவன்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லண்டனில் இருக்கும் என் மைத்துனர் ஊருக்கு வந்தபோது பையனுக்கு ஒரு விளையாட்டு டிஸ்க் வாங்கி வந்தார். கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க். பில் கூட உள்ளே இருந்தது. ஆவலோடு போட்டால் பெட்டி ஏற்கவில்லை. பெட்டியில் பழுது எதுவும் இல்லை. டிஸ்க் ஐரோப்பாவுக்கானது, பெட்டி ஜப்பான் வகை. உறையிலேயே குறிப்பு இருந்தது, எங்களில் யாரும் படிக்கவில்லை. பையன் அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரியவங்க காசு குடுத்துத்தானே வாங்கினாங்க, இது ஏன் ஒத்துக்க மாட்டேங்குது?" என்று அழுதான்.

பஜாரில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடைக்காரரின் மகன்தான் என் மாணவன். பொதுத்தேர்வு எழுதி முடித்துவிட்டு அப்பாவோடு கடையில் உட்கார்ந்திருந்தான். நான் போகவில்லை. பையனிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்பினேன். நான் ஏன் போகவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன். அவன் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு சின்ன சிப் வரவழைத்து, உள்ளே சால்டர் செய்து, நான்காம் நாள் திருப்பிக் கொடுத்தான். லண்டன் டிஸ்க் ஓடியது. கூலியைப் பையனிடமே கொடுத்தனுப்பினேன்.

இத்தனை வருடம் கழித்து, சென்ற மாதம் அவன் எங்கள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "இந்தப் பெட்டி அந்த டிஸ்க்கை எப்படிப்பா கண்டுபிடிச்சுது?" என்று கேட்டேன். இயற்பியல் வாத்தியார் கேட்கும் கேள்விதான். அவன் சொன்னதை என் மொழியில் உங்களுக்குச் சொல்கிறேன். பாடம் நடத்தி நாளாயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லோருக்கும் இருந்த ஒரு தவறான எண்ணம். அந்த விளையாட்டு டிஸ்க்குகளின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். கறுப்பு நிறம்தான் பூட்டு என்று ஊரே நம்பியது. அப்படி இல்லை. சி.டி.யைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் அந்தப் பிளாஸ்டிக் வழியாக அது தாராளமாகப் புகுந்து போகும். கறுப்பு வெறும் உடுப்பு.

உண்மையான பூட்டு வேறு இடத்தில் இருந்தது. சி.டி.யில் தகவல் ஒரே ஒரு சுருள் பாதையில் பதிந்திருக்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். பழைய இசைத்தட்டு வெளியிலிருந்து உள்ளே போகும், சி.டி. உள்ளிருந்து வெளியே வரும். இத்தனை மெல்லிய பாதையை விட்டு விலகாமல் இருக்க, லேசரின் லென்ஸ் ஒவ்வொரு கணமும் இடம் வலமாகத் திருத்திக்கொண்டே இருக்கும். டவுன் பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை லேசாக அசைத்துக்கொண்டே ஓட்டுவாரே, அது மாதிரி.

பிளேஸ்டேஷன் டிஸ்க்கை அச்சடிக்கும் தொழிற்சாலையில், பாதையின் தொடக்கத்தில், உள்வட்டத்தில், அந்தப் பாதையையே ஓர் ஒழுங்கில் மிக மிக லேசாக நெளிய விடுவார்கள். லென்ஸ் அந்த நெளிவைப் பின்தொடரும்போது, அதன் திருத்தும் அசைவிலேயே ஒரு செய்தி வரும். நான்கே எழுத்து. ஜப்பான் டிஸ்க் என்றால் எஸ்.சி.இ.ஐ. அமெரிக்கா என்றால் எஸ்.சி.இ.ஏ. ஐரோப்பா என்றால் எஸ்.சி.இ.இ. வேகம் விநாடிக்கு 250 பிட். மகா மெதுவு. ஆனால் நான்கு எழுத்துக்கு அது போதும். தனக்குரிய நான்கு எழுத்து வந்தால் பெட்டி கதவைத் திறக்கும். வராவிட்டால் திறக்காது.

இதை ஏன் நகல் எடுக்க முடியவில்லை? டவுன் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வந்த மூட்டைகளை எண்ணிப் பார்த்து அதே மாதிரி மூட்டைகளை நீங்கள் தயார் செய்யலாம். ஆனால் பஸ் வந்த சாலையின் வளைவு மூட்டைக்குள் இருக்காது. சி.டி. ரைட்டர் மூட்டைகளை மட்டும்தான் படிக்கும், எழுதும். நெளிவு அதற்குத் தகவலே அல்ல. அதோடு, நாம் கடையில் வாங்கும் எழுதாத சி.டி.யில் தொழிற்சாலையிலேயே ஒரு பள்ளம் போட்டு அனுப்புகிறார்கள். ரைட்டர் அந்தப் பள்ளத்தில்தான் ஓடியாக வேண்டும், புதுப் பாதை வெட்ட அதனால் முடியாது.

இன்னும் எளிதாக வேண்டுமா? பத்திரப் பேப்பரை ஜெராக்ஸ் எடுங்கள். எழுத்து, கையெழுத்து, சீல் எல்லாம் வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும் நீரோட்டக் குறி மட்டும் வராது. அதேதான்.

ஜப்பானில் 1994 டிசம்பரில் வெளிவந்த ஒரு விளையாட்டுப் பொருளில் இவ்வளவு இயற்பியலா என்று வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவன் ஸ்க்ரூடிரைவரால் டிஸ்க்கைக் காட்டிச் சொன்னான்:

"ஒண்ணு கவனிச்சீங்களா சார். இதுல என்ன இருக்குன்னு அது முதல்ல பாக்குறதே இல்ல. எங்க அச்சடிச்சதுன்னு மட்டும்தான் கேக்கும். உங்க மச்சான் வாங்கிட்டு வந்தது அசல். உள்ள இருந்தது எல்லாம் சரி. ஆனா அது சொன்ன ஊர் பேரு வேற. அதான் வெளிய போன்னுருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அவன் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. வேலை மும்முரத்தில் சொன்னான். அதற்கு மேல் அரை மணி நேரம் அவன் பேசியது பாதிதான் காதில் விழுந்தது.

2000-ஆம் ஆண்டு ஜனவரி. பிளஸ் டூ திருப்புதல் தேர்வு. மின்னோட்டவியலில் நான் வேண்டுமென்றே ஒரு கடினமான கணக்கு வைத்தேன். ஒரு கனசதுரம். அதன் பன்னிரண்டு விளிம்பிலும் ஆளுக்கு 6 ஓம் மின்தடை. எதிரெதிர் மூலைகளுக்கிடையே மொத்த மின்தடை எவ்வளவு? கிர்ச்சாஃப் விதிகளை வைத்து ஒரு பக்கம் முழுக்கச் சமன்பாடு எழுதினால் வரும். பத்து மதிப்பெண். வகுப்பில் யாரும் போடவில்லை. இவன் மட்டும் நாலே வரியில் 5 ஓம் என்று எழுதியிருந்தான். சமன்பாடு ஒன்றுகூட இல்லை. "2 + 1 + 2 = 5" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு படம்.

இவன் டியூஷன் போகாதவன். முந்தைய தேர்வுகளில் ஐம்பதைத் தாண்டாதவன். நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அவன் யார் என்பதைப் பார்த்தேன். வகுப்பிலேயே எழுப்பி, "யார்கிட்ட டியூஷன் போற?" என்றேன். "போகல சார்." "அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?" பேசாமல் நின்றான். பத்துக்கு முட்டை போட்டேன். விடையை எங்கிருந்தோ கடத்தி வந்துவிட்டான் என்று முடிவு கட்டி, அப்பாவைக் கூட்டி வரச் சொன்னேன்.

மறுநாள் அவர் வந்தார். சட்டையில் சால்டர் பட்ட ஓட்டைகள். ஆசிரியர் ஓய்வறையில் பத்துப் பேர் இருந்தோம். என்ன நடந்தது என்றே முழுதாகக் கேட்காமல், கையைக் கூப்பி, "தெரியாமப் பண்ணிட்டான் சார், மன்னிச்சிருங்க" என்றார். நான் பெரிய மனது பண்ணி, "சரி, இனிமே இப்படி நடக்கக்கூடாது" என்றேன். பையன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கியதே இல்லை. அதை நான் கவனித்தேன். அடங்கிவிட்டான் என்று நினைத்துத் திருப்தியும் பட்டேன்.

பொதுத்தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, பழைய விடைத்தாள்களைக் கட்டி வைக்கும்போது அந்தத் தாள் மறுபடி கண்ணில் பட்டது. அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். ஒரு மூலையிலிருந்து கிளம்பும் மூன்று விளிம்பும் ஒரே மாதிரி. ஆகவே அவற்றின் மறுமுனைகள் மூன்றிலும் ஒரே மின்னழுத்தம். ஒரே மின்னழுத்தம் உள்ள புள்ளிகளைக் கம்பியால் சேர்த்தாலும் ஒன்றும் மாறாது. சேர்த்துவிட்டால் முதலில் மூன்று 6 ஓம் பக்க இணைப்பில், அது 2. நடுவில் ஆறு, அது 1. கடைசியில் மூன்று, அது 2. மொத்தம் 5. நான் ஒரு பக்கம் எழுதியதை அவன் ஒரு வரியில் முடித்திருந்தான். அவன் வழிதான் அழகு.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. வகுப்பில் வேறு யாருமே சரியாகப் போடாத கணக்கை அவன் யாரைப் பார்த்துக் காப்பி அடித்திருக்க முடியும்?

தெரிந்த பிறகும் நான் சொல்லவில்லை. தேர்வு நேரம், இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏப்ரலில் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கு நான் போகாததற்குக் காரணம் இதுதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

மறுபடி பெட்டிக்கு வருகிறேன். அவன் அன்று சொன்ன மற்ற விஷயங்களும் முக்கியம்.

அவன் வைத்த சிப் புளியங்கொட்டை அளவு. எட்டுக் கால். உள்ளே அது செய்வது ஒரே வேலை. பெட்டி "எந்த ஊர்?" என்று கேட்கும்போது, டிஸ்க் வாயைத் திறக்கும் முன்னால் இது முந்திக்கொண்டு அந்த நான்கு எழுத்தைச் சொல்லிவிடும். லண்டன் டிஸ்க் ஓடியது. நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து எந்த டிஸ்க் போட்டாலும் ஓடியது. ஐம்பது ரூபாய்க்குப் பிளாட்பாரத்தில் விற்ற நகலும் ஓடியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த டிஸ்க்குகளில் ஒன்றுகூட அசல் இல்லை. ஒழுக்கம் போதிக்கும் வாத்தியார் வீட்டுக் கூடத்தில்தான் இது நடந்தது. ஒரு விளையாட்டை உருவாக்க எத்தனை பேர் எத்தனை இரவு கண்விழித்திருப்பார்கள் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

சிப் இல்லாமலும் ஏமாற்றினார்களாம். ஆரம்ப காலப் பெட்டிகள் தொடக்கத்தில் மட்டும்தான் சோதிக்கும். மூடி மூடியிருப்பதாக நம்ப வைக்கும் சின்ன சுவிட்சை ஏதாவது ஒன்றால் அழுத்தி வைத்துவிட்டு, அசல் டிஸ்க்கைப் போட்டு, சோதனை முடிந்த நொடியில் எடுத்துவிட்டு நகலை வைப்பார்கள். ஹால் டிக்கெட் காட்டி ஒருவன் உள்ளே வந்து, பரீட்சையை இன்னொருவன் எழுதுவது மாதிரி.

பிறகு விளையாட்டு எழுதியவர்கள் உஷாரானார்கள். அசல் டிஸ்க்கில் அந்த நான்கு எழுத்து தொடக்கத்தில் மட்டும்தான் வரும். பழைய சிப்களோ கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருக்கும். எனவே வரக்கூடாத இடத்தில் அந்த எழுத்து வந்தால் சிப் இருக்கிறது என்று கண்டுபிடித்து விளையாட்டு நின்றுவிடும். உடனே, ஒரு முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் சிப்கள் வந்தன. இதில் பாவப்பட்டவன் யார் தெரியுமா? சிப் வைத்த பெட்டியில் காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கைப் போட்டவன். அவனுக்கும் நின்றுவிடும்.

2000-இல் வந்த ஸ்பைரோ என்ற டிராகன் விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் வேறு வழி செய்தார்கள். வாசலில் தடுப்பதோடு விடவில்லை. விளையாட்டின் நிரலை யாரோ உடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அதில் வரும் ஒரு தேவதை, இது திருத்தப்பட்ட பிரதி போலிருக்கிறதே என்று சொல்லிவிடும். அப்புறம் சேர்த்து வைத்த ரத்தினங்களும் முட்டைகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். பூட்டை உடைத்தவனுக்கு, தான் முழுவதும் உடைத்துவிட்டோமா இல்லையா என்றே தெரியாது. திருட்டை அறவே நிறுத்த முடியும் என்று அவர்கள் நினைக்கவில்லை. விற்பனை சூடாக இருக்கும் முதல் சில வாரங்களுக்குத் தாக்குப்பிடித்தால் போதும் என்றார்கள். இரண்டு மாதத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தது.

சேகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் கதை இன்னும் வேடிக்கை. 1998-இல் வந்தது. சாதாரண சி.டி.யில் கொள்ளாத அளவுக்கு, சுமார் ஒரு ஜிகாபைட் பிடிக்கும் தனி வகை டிஸ்க்கில் விளையாட்டைக் கொடுத்தார்கள். வீட்டில் யாராலும் அப்படி எழுத முடியாது. கோட்டைக் கதவு மாதிரி. ஆனால் படமும் மெனுவும் சேர்ந்த ஒரு வகைப் பாட்டு சி.டி. ஓடுவதற்காகப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அந்தச் சின்னக் கதவு வழியாகவே நகல் விளையாட்டுகள் உள்ளே போய்விட்டன. பெட்டியில் சிப் கூட வைக்க வேண்டியிருக்கவில்லை. 2001 மார்ச்சில் அந்தப் பெட்டியின் தயாரிப்பையே நிறுத்தினார்கள். நகல் மட்டுமே காரணம் இல்லை, போட்டியும் கடுமை. ஆனாலும் அந்தச் சின்னக் கதவின் பங்கு அதில் உண்டு.

அவன் போன பிறகு நானே தேடிப் படித்ததில் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்காரர் ஒருவர் இதே மாதிரி சிப் விற்றார், பொருத்தியும் கொடுத்தார். சோனி வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய் 2005 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் கேட்ட கேள்வி எளிமையானது. இந்தப் பூட்டு நகல் எடுப்பதைத் தடுக்கிறதா? இல்லை. நகல் எடுத்து முடித்து, பெட்டியில் போடும்போதுதான் இது விழித்துக்கொள்கிறது. எனவே அன்றைய சட்டம் சொன்ன பாதுகாப்பு ஏற்பாட்டுக்குள் இது வராது என்று சிட்னிக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். மறு வருடமே அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள் என்பது வேறு.

நம் நாட்டிலும் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். இந்த மாதிரிப் பூட்டை உடைப்பது குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. ஆனால் அதில் ஒரு சொல் இருக்கிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் என்று. அந்த நோக்கம் என்ற சொல்லை இரண்டு தடவை படித்தேன். பெட்டிக்கு நோக்கம் தெரியாது. பில்லை வைத்துக்கொண்டு அழும் குழந்தையும் பிளாட்பாரத்தில் நகல் விற்பவனும் அதற்கு ஒன்றுதான். அது இயந்திரம். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நான் இயந்திரம் இல்லை. கையில் விடைத்தாள் இருந்தது. படம் இருந்தது. பையன் எதிரில் நின்றான். "இதை எப்படிப் போட்டே? போர்டுல வந்து போடு" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. எந்த ஊர் முத்திரை என்று மட்டும் கேட்டேன். என் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் நிறையப் பேர். நான் பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. காப்பி அடிப்பவன் இருக்கிறான், அவனைப் பிடிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரியெல்லாம் படித்தவனுக்குத் துரோகம். எதைப் போட்டாலும் சரி என்று சொல்லும் சிப்பாகவும் நாம் ஆகிவிடக்கூடாது. ஆனால் முதலில் விடையைப் படியுங்கள். சந்தேகம் அதற்குப் பிறகு வரட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெட்டிக்குள் லேசர் நகரும் பிளாஸ்டிக் தடம் தேய்ந்து போயிருந்தது. முதல் காலப் பெட்டிகளில் அது சகஜமாம். "தலைகீழாக் கவுத்து வச்சா சில சமயம் ஓடும் சார்" என்று சொல்லிக் கவிழ்த்து வைத்தான். ஓடியது! பேரன் கைதட்டினான். எட்டுக் கால் சிப்பை அவன் எனக்குக் காட்டினான். அவன் அன்று வைத்த சால்டர் இன்றும் பளபளவென்று இருந்தது.

காப்பி கொடுக்கும்போது நான் கேட்டேன். "தம்பி, அந்தக் கனசதுரக் கணக்கு. அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தான். "அப்பா சொல்லிக் குடுத்தது சார். டிவி போர்டுல ரெண்டு பாயிண்ட்ல ஒரே வோல்டேஜ் இருந்தா, நடுவுல கம்பி பட்டாலும் பயப்படாதேன்னு சொல்வாரு. அதைத்தான் எழுதினேன்."

"அன்னைக்கு ஏம்பா சொல்லல?"

"டிவி மெக்கானிக் சொல்லிக் குடுத்தார்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களான்னு தெரியல சார்."

கை கூப்பி மன்னிப்புக் கேட்ட அந்த மனிதர்தான் அந்தக் கணக்கின் ஆசிரியர். அவர் பாடத்தை அவர் மகன் சரியாக எழுதியதற்கு அவரையே மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். நான் எழுந்து நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டான். "விடுங்க சார், எப்பவோ நடந்தது" என்றான். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா இருக்கும்போது சொல்லியிருந்தீங்கன்னா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றான். அவர் 2014-இல் தவறிவிட்டார். பதினான்கு வருடம் அதே பஜாரில் அவர் கடையைத் தாண்டித்தான் நான் காய்கறி வாங்கப் போனேன்.

அவமானம் பத்துப் பேர் முன்னால் நடந்தது, வகுப்பில் அறுபது பேர் முன்னால் நடந்தது. மன்னிப்பை மட்டும் என் வீட்டுக் கூடத்தில் ரகசியமாகக் கேட்டால் கணக்கு நேராகாது. அதனால்தான் இந்தப் பதிவு. 2000-ஆம் ஆண்டு மாணவர்களே, உங்களில் சிலர் அவனை "காப்பி" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டது எனக்குத் தெரியும். அவன் காப்பி அடிக்கவில்லை. அந்தக் கணக்குக்கு அவனுக்குப் பத்துக்குப் பத்து. தவறு செய்தது நான். உங்களில் யாருக்காவது நான் இப்படி அநியாயம் செய்திருந்தால், தயங்காமல் எனக்குப் போன் செய்யுங்கள். பழைய எண்தான்.

அந்தப் பெட்டியை இனிப் பரணில் ஏற்றப்போவதில்லை. கூடத்தில் தலைகீழாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் பேரனோடு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்